ஓல்டு கோர்ஸின் மணல்குழிகளைப் பின்னோக்கி நடந்து பாருங்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் என்ற பழைய கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. அன்று அது ஊர்ப் பூங்கா, யாரும் நடக்கலாம். பங்கர்கள், அதாவது மணல்குழிகள், நூற்றுக்கும் மேல். அத்தனைக்கும் அலைய வேண்டாம். முதல் டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) ஸ்வில்கன் ஓடையைத் தாண்டி நேரே 17-ஆம் க்ரீனுக்கு (கொடி நட்ட துளை உள்ள மழித்த புல்தரை) போய், அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் போதும். ஒரு காலத்தில் ஆட்டமே இந்தத் திசையில்தான் போனது.

ஒரு டீயிலிருந்து அதன் க்ரீன் வரை ஒரு ஹோல். 17-ஆவது 'ரோடு ஹோல்', 495 கெஜம், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. க்ரீனின் இடது முன்புறத்தைக் குடைந்து நிற்கும் பங்கர் அளவில் சிறியது. ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கியே சரிகிறது. குழிக்கு வெளியே விழுந்த பந்தும் மெல்ல உருண்டு உள்ளே போய்விடும். ஒரு பங்கரின் உண்மையான அளவு, பந்து எவ்வளவு தூரத்திலிருந்து அதற்குள் உருண்டு வரும் என்பதுதான். வலப்பக்கம் ஹோட்டல் மூலைக்கு மேலாக டிரைவ், அதாவது டீயிலிருந்து முதல் நீண்ட அடி, அடித்தவருக்கு க்ரீன் நீளவாக்கில் திறக்கும். பயந்து இடப்பக்கம் அடித்தால் கொடிக்கும் பந்துக்கும் நடுவே குழி. தாண்டி ஓடினால் பின்னால் தார்ச்சாலை, கற்சுவர். இங்கே நடந்த 2000 ஓப்பனில் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) டேவிட் டுவால் இந்தக் குழியிலிருந்து வெளியேற நான்கு முறை அடிக்க வேண்டியிருந்தது. அதே போட்டியில் டைகர் உட்ஸ் 72 ஹோலிலும் ஒரு பங்கரில்கூட விழாமல் வென்றார்.

குழியின் சுவரைக் குனிந்து பாருங்கள். மண்ணோடு பெயர்த்த புல்தரைத் துண்டுகளைச் செங்கல்போல, இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல், ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்தள்ளி அடுக்கியிருப்பார்கள். நெட்டுக்குத்தாக அடுக்கினால் சுவர் முன்சரியும். தெற்கு பார்த்த சுவரில் வெயில் நேராக விழுவதால் அதுதான் முதலில் காய்ந்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர்காலத்தில் பிரித்துக் கட்ட வேண்டும். மணலை வாரிவிடும் விதமும் முக்கியம். குழியின் தரையைச் சமதளமாக வாரினால் பந்து சுவரோடு ஒட்டி நின்றுவிடும். பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் அடிக்க முடியும். இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் மைதானத்தில் 2023 ஓப்பனின் முதல் நாள் இதுதான் நடந்தது. இரவோடு இரவாகச் சுவரோரம் மணலை ஏற்றி வாரினார்கள்.

16-இல் 'பிரின்சிபல்ஸ் நோஸ்' என்ற பங்கர் ஃபேர்வேயின் (டீக்கும் க்ரீனுக்கும் இடையிலான புல்பாதை) நடுவிலேயே கிடக்கிறது. நடுவில் பங்கர் வைப்பது அநியாயம் என்பவர்கள் அங்கே நின்று பார்க்க வேண்டும். இடப்பக்கம் தாராளமான இடம், ஆனால் அடுத்த அடிக்குக் கோணம் மோசம். வலப்பக்கம் வேலிக்கும் குழிக்கும் நடுவே ஒடுங்கிய சந்து, அங்கிருந்துதான் க்ரீனுக்கு நல்ல வழி. குழியை ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் எந்தப் பக்கம் அடிப்பது என்ற கேள்வியே எழாது.

14-இல் 'ஹெல்' என்ற பங்கர், சுமார் 10 அடி ஆழம். அது டிரைவுக்கானதல்ல, இரண்டாம் அடிக்கானது. 1995 ஓப்பனில் ஜாக் நிக்லஸ் இதில் மாட்டி, அந்த ஹோலை முடிக்கப் பத்து முறை அடித்தார்.

கடைசியாக 12-ஆவது ஹோல். க்ரீனிலிருந்து டீயை நோக்கி நடக்கையில் ஃபேர்வே பங்கர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பழைய ஆட்டத் திசைக்கு முகம் காட்டுபவை அவை. டீயை அடைந்ததும் திரும்பிப் பாருங்கள். அதே தரையில் ஒரு பிடி மணல்கூடத் தெரியாது.