மகளின் தலையணை

இன்று காலை மகளின் இலவம்பஞ்சுத் தலையணையை முற்றத்தில் தட்டியபோது, வெயிலில் நுண்தூசி புகையாக எழுந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அறுவடை தொடங்கினால், மகளின் தும்மலுக்கு நெற்சுணைதான் காரணமென்று எங்கள் ஊரான கல்லடியில் யன்னல்களைச் சாத்திவிடுகிறோம். ஆனால் விடியற்காலையில் அவள் அடுக்கடுக்காகத் தும்முவதற்கு, படுக்கையில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகளே காரணமென்று வைத்தியர் விளக்கினார்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரின் ஈரக்காற்று அவற்றுக்கு மிகவும் உகந்தது.

வெயில் ஈரத்தைப் போக்கும். ஒவ்வாமையூட்டும் அவற்றின் கழிவுகளோ துணியிலேயே தங்கிவிடும் என்பதால், உறைகளையும் விரிப்புகளையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைக்கிறோம்.

மாலையில் சாம்பிராணி போடுவதை அம்மம்மா பேத்திக்காகத் தாமாகவே நிறுத்திவிட்டார். அந்தப் பரிவுக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

துவைக்கக்கூடிய தலையணை ஒன்றை வாங்கவிருக்கிறோம். மூக்குக்கு அடிக்கும் மருந்தை மட்டும் வைத்தியர் சொல்லும்வரை நிறுத்தப்போவதில்லை.