வளவு யார் பெயரில்?

இலங்கையில், மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் பதிவுத் திருமணம் செய்யாமலே குடும்பமாக வாழ்கிறவர்களை ஊர் ஒன்றும் கேட்பதில்லை, ஒருவர் கண்மூடும்வரை. அப்புறம்தான் வளவுச் சண்டை, வீடும் காணியும் யாருக்கு என்று. காணி உறுதி (பத்திரம்) செத்த மனிசன் பெயரில், வீடு எழும்பியது அவரோடு வாழ்ந்த அக்கா குவைத்தில் உழைத்த காசில். மரண சாசனம் (உயில்) இல்லையென்றால் சட்டப்படி மனைவிக்குத்தான் பங்கு. பதிவு இல்லாவிட்டாலும் ஊரறிய வாழ்ந்ததைக் காட்டி, மனைவிதான் என்று நீதிமன்றத்தில் நிறுவலாம். வழக்கு முடிய தலை நரைத்துவிடும்.

“பாதி உனக்குத்தான்” என்ற வாய்ப்பேச்சு காணிக்குச் செல்லாது. 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். மரண சாசனத்தை நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம், ஆனால் ஐந்து சாட்சிகள்!

அடி உதைக்கு மட்டும் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சேர்ந்து வாழ்பவரையும் கணக்கில் எடுக்கிறது.

அக்காமாரே, காசு அனுப்ப முதல் உறுதியில் உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும்.