மானியம் கிடைக்காதவர்களின் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள்

ஆராய்ச்சி நிலையத்தில் தேறிய தொழில்நுட்பத்தை அரசு மானியம் கொடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறது. சொட்டு நீர்ப்பாசனம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து வரும் அறிக்கையில் எத்தனை பேருக்குக் கொடுபட்டது, எவ்வளவு செலவானது என்று இருக்கும். தோட்டத்தில் என்ன மாறியது என்பது இருக்காது.

முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டால் போதாது. 2020இன் வெங்காய விளைச்சலை 2022உடன் ஒப்பிட்டால், இடையில் இலங்கையின் 2021 மே மாத இரசாயன உர இறக்குமதித் தடையும், நீரிறைக்கும் மெசினுக்கு வேண்டிய மண்ணெண்ணெய்க்காக 2022இல் நின்ற வரிசையும் நிற்கின்றன. விளைச்சலோ இறைப்போ குறைந்ததில் சொட்டு நீரின் பங்கு எவ்வளவு? அதே தடையையும் வரிசையையும் கண்ட, விண்ணப்பித்தும் மானியம் கிடைக்காதவர்களிடம்தான் பதில் இருக்கிறது. விண்ணப்பங்கள் கூடினால் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்வதே நல்லது. விவசாயப் போதனாசிரியருக்குத் தெரிந்த கெட்டிக்காரருக்கே கொடுத்தால், அவர் மானியம் இல்லாமலும் முன்னேறியிருப்பார்.

ஓர் உதாரணக் கணக்கு. மானியம் பெற்றவர்கள் ஒரு பரப்புக்கு (நில அளவு) வாரம் 60 நிமிடம் இறைத்தது 40 ஆகிறது. பெறாதவர்களுக்கும் 60 இலிருந்து 52 ஆகிறது. திட்டத்தின் பலன் 20 நிமிடம் அல்ல, 12.

தண்ணீரை வாய்ப்பேச்சில் கேட்டு எழுதக் கூடாது. 200 லீற்றர் பரல் நிரம்ப 40 வினாடி எடுத்தால் மணிக்கு 18,000 லீற்றர். கோடையில் கிணறு இறங்க இறங்க அதே மெசின் குறைவாகத்தான் தள்ளும். இறைப்புத் தொடங்கும்போதும் முடியும்போதும் அளக்க வேண்டும். பரப்புக்கணக்கோடு நிற்கவும் வேண்டாம். மிச்சம் பிடித்த தண்ணீரில் தோட்டக்காரர் இன்னும் இரண்டு பரப்பு வைப்பார். அவருடைய வருமானத்துக்கு அது நல்லது, ஆனால் நிலத்தடியில் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிற, கிணறுகளுக்கு ஊறும் நீர் மிஞ்சாது. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

முதற்போகத்தில் எல்லாம் ஓடும். எங்கள் கிணற்று நீர் கடினமானது. சொட்டு வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டி, வரிசையின் கடைசிக் கன்றுகள் முதலில் வாடும். குழாயைச் சுருட்டிக் கொட்டிலில் போட்டவரைக் கணக்கிலிருந்து நீக்கினால் சராசரி அழகாக வரும், ஆனால் பொய். கொடுபட்ட எல்லாரையும் சேர்த்தே, குறைந்தது இரண்டாம் வருடம் வரை பாருங்கள். ஏன் சுருட்டினார் என்றும் கேளுங்கள். வடிகட்டி கழுவவும் அமிலம் விட்டுக் குழாய் சுத்தம் செய்யவும் காட்டிக்கொடுக்க ஆள் வரவில்லை என்றால், அடுத்த பாதீட்டில் உபகரணக் காசின் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு மாற்ற வேண்டும்.