ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி: நான் ரத்தம் கொடுக்கிற மாதங்கள்

அவசரம் என்று ஓடிப்போய்க் கொடுக்கிற ரத்தம் பெரும்பாலும் அந்த நோயாளிக்கே ஏறுவதில்லை. எங்கள் தெரு அண்ணி ஒருவருக்குப் பிரசவம் ஆனபின் ரத்தப்போக்கு நிற்காமல் தஞ்சாவூரில் சேர்த்திருந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து நாங்கள் சில பேர் வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஏற்கெனவே ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எங்களிடம் எடுத்ததை எய்ட்ஸ் கிருமி, மஞ்சள்காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்கும் சோதித்து முடிக்காமல் யாருக்கும் ஏற்ற மாட்டார்கள். அண்ணியைக் காப்பாற்றியது, அதற்கு முன்னால் என்றைக்கோ யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போன பை.

அதிலிருந்து நான் முறை வைத்துக் கொடுக்கிறேன். ஆண்கள் 90 நாளைக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளைக்கு ஒருமுறை கொடுக்கலாம். தேதி மறக்காமல் இருக்க ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி என்று மாதம் பிடித்துக்கொண்டேன். ஆனி முறை, மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டி வரும். ஜூன் 14 உலக ரத்த தான நாள் என்பதால் நினைவு வைப்பது சுலபம். பங்குனி முறையைத் தவற விடவே மாட்டேன். பெரும்பாலான முகாம்கள் கல்லூரிகளில்தான் நடக்கின்றன. பரீட்சை, கோடை விடுமுறை என்று பிள்ளைகள் போய்விட்டால் ரத்த வங்கியில் இருப்பு குறையும். பிரசவமும் விபத்தும் விடுமுறை பார்த்து வருவதில்லையே.

போனதும் ஒரு படிவம். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பச்சை குத்தினீர்களா, மஞ்சள்காமாலை வந்ததா என்று வரிசையாகக் கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். கிருமி தொற்றிய புதிதில் சோதனையிலும் அகப்படாமல் போகலாம். அப்போது ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்கு நம் வாய்வார்த்தைதான் பாதுகாப்பு.

அப்புறம் விரலில் ஒரு குத்து. நான் முதலில் போன இடத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீல நிறத்தில் ஏதோ வைத்திருந்தார்கள். கேட்டால் மயில்துத்தக் கரைசல்! கொடிக்காலுக்கு அடிக்க நாம் சுண்ணாம்போடு கலக்கிற அதே மயில்துத்தம். சொட்டு ரத்தத்தை அதில் விட்டார் டெக்னீஷியன் அம்மா. மேலேயே தயங்கி நிற்காமல் நேராக அடிக்குப் போனால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை என்று அர்த்தமாம். என் சொட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டது.

என் மனைவி கூட வந்தபோது அவளுக்கு அளவு 11 என்று வந்தது. எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வயல் வேலைக்குப் போகிற நம் பெண்களில் எத்தனையோ பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. தலைசுற்றலையும் அசதியையும் 'வேலை ஜாஸ்தி' என்று தள்ளிவிடுகிறார்கள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். முருங்கைக்கீரை, கேழ்வரகு சேர்க்கச் சொன்னார். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது, அதை விடச் சொன்னார். அவளும் விடாமல் செய்தாள். இப்போது அவளும் கொடுக்கிறாள். கொடுக்க முடியாமல் திரும்பியதில் அவள் உடம்புக்குத்தான் முதலில் நல்லது நடந்தது.

கட்டிலில் படுத்தால் ஊசி ஏறும்போது சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொல்வார்கள். ஆடும் தட்டில் பை மெல்ல நிரம்பும். ரத்தம் ஓடுகிற குழாய் முழங்கையில் பட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூடு நன்றாகத் தெரியும். பத்து நிமிடத்துக்குள் 350 மில்லி எடுத்துவிடுவார்கள். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450-ம் எடுப்பார்கள். பிறகு ஜூஸ், பிஸ்கட், கொஞ்ச நேரம் உட்காரல். அன்றைக்கு மூட்டை தூக்குவது, மருந்து அடிப்பதெல்லாம் வேண்டாம்.

"வெயில்ல நிக்கிற உடம்புப்பா, ரத்தத்தை இப்படி எடுத்துக் கொடுத்தா தாங்குமா?" என்று அம்மா ரொம்ப நாள் புலம்பினார். உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இருக்கிறது, எடுத்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு ஊறத்தான் சில வாரம் ஆகும், அதற்குத்தான் 90 நாள் கணக்கு என்று விளக்கிய பிறகு சரி என்றார்.

"எனக்கு சாதாரண பி பாசிட்டிவ்தானே, அது எங்கேயும் கிடைக்குமே" என்கிறவர்களையும் பார்க்கிறேன். எனக்கும் அதே குரூப்தான். அந்த குரூப்பில் ஆட்கள் அதிகம் என்றால் நோயாளிகளும் அதிகம்; செலவாவதும் அதுவே. எடுத்த ரத்தத்தை மாதக்கணக்கில் சேர்த்தும் வைக்க முடியாது. சிவப்பணு அதிகபட்சம் 42 நாள், தட்டணு (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு டெங்கு வந்து தட்டணு தேவைப்படுகிறவருக்கு, ஆடியில் எடுத்தது எப்படி உதவும்? ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வருகிற புரட்டாசிக்குத் தம்பி மகனும் வருகிறேன் என்றிருக்கிறான். வயது 18 முடிந்துவிட்டது, எடை 50 கிலோ இருக்கிறான், ஊசிதான் பயம். முதல்நாள் நேரத்தோடு தூங்கு, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வா, வெறும் வயிற்றோடு வராதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.