தோஞா கையில் என் பேனா

வெளிநாடு போய் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டே அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் மூன்று பேர் இந்த மாதம் என்னிடம் பேசினார்கள். மூன்று பேரும் முதலில் கேட்டது "எவ்ளோ செலவாகும்க்கா?" என்றுதான். செலவைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் காசிமேட்டுப் பெண். நைனா விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். அம்மா துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்து, கூடையில் வைத்து வண்ணாரப்பேட்டை தெருக்களில் விற்றவள். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பத்து வயது. கடல் வந்து போன பிறகு எங்களை எர்ணாவூர் பக்கம் தற்காலிகக் கொட்டகையில் வைத்தார்கள். லாரி லாரியாகத் துணி வந்தது. ஜீன்ஸ், கோட்டு, நம்ம ஊரில் யாருமே போடாத கம்பளி ஸ்வெட்டர் எல்லாம் தொடுவாரில்லாமல் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. வெளிநாட்டு அக்காக்கள் வந்து எங்களை வட்டமாக உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள், கலர் பென்சில் கொடுத்தார்கள், பாட்டு சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அம்மா அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு பல்ப். பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழி கும்மிருட்டு, வயசுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் போக முடியவில்லை. அம்மா கையை ஆட்டிக் காட்டிக் காட்டிக் கேட்பாள், அவர்கள் சிரித்தபடி தலையாட்டுவார்கள். ஒருநாள் அம்மா தலைகூட வாராமல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் கேமராவைத் தூக்கினார். "வேணாம்மா, கூச்சமா கீது" என்றாள் அம்மா. அவர் அதற்கும் அன்பாகச் சிரித்துவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டார்.

இருபது வருஷம் கழித்து நானே ஒரு கேமராவோடு இன்னொருத்தர் அடுப்படியில் போய் நின்றேன்.

போன இடம் குவாத்தமாலா. ஆபீஸில் மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஜூன் மாதம் போனேன். ஸ்பானிஷ் படிக்க நிறைய பேர் அந்த நாட்டுக்குத்தான் போகிறார்கள். ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர், திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நாலைந்து மணி நேரம், தங்குவதும் சாப்பிடுவதும் ஒரு குடும்பத்தோடு என்பது அங்கே வழக்கம். செலவும் மற்ற நாடுகளைப் பார்க்கக் குறைவு. சுற்றுலாக்காரர்கள் நிறைந்த ஆன்டிகுவாவில் ஆங்கிலத்திலேயே காலம் ஓடிவிடும் என்று பயந்து நான் கெட்சால்தெனாங்கோ போனேன். அந்த ஊரை எல்லாரும் 'ஷேலா' என்றுதான் சொல்கிறார்கள். சுமார் 2,330 மீட்டர் உயரம், நம்ம ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். மதியம் ஆனால் மழை. காசிமேட்டு வெயிலில் வளர்ந்த உடம்புக்கு முதல் வாரம் பல் கிட்டிப்போனது, அப்போது அந்த ரோட்டோர ஸ்வெட்டர் குவியல் ஞாபகம் வந்தது. இங்கே ராத்திரி எட்டு மணி என்றால் அங்கே காலை எட்டரை. அம்மா வீடியோவில் முதலில் கேட்டது "அங்க இன்னா துன்ற?" என்று. சுண்ணாம்பு சேர்த்து வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துக் கையாலேயே தட்டிச் சுடும் தோர்த்தியா, கறுப்பு பீன்ஸ், மிளகாய். மிளகாய் அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்துதான் நமக்கு வந்தது என்றதும் அம்மா நம்பவே இல்லை. தெருவில் ஓடும் சிவப்பு பஜாஜ் ஆட்டோவைக் காட்டிய பிறகுதான் ஏதோ கொஞ்சம் மனசு ஆறினாள்.

பாஷைக்கு வருகிறேன். தமிழ் தெரிந்தவர்கள் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள், ரொம்பக் கெஞ்சிக் கேட்கிறேன். 'மே கூஸ்தா' என்பதை ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கத்துக்கு விளக்குகிறது. நமக்கு அது 'எனக்குப் பிடிக்கும்', அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா' என்றால் 'எனக்குத் தலை வலிக்கிறது', அச்சு அசல் அதே அமைப்பு. 'வருகிறேன்' என்றாலே நான் என்பது அதற்குள் இருக்கிறது, அங்கேயும் 'வெங்கோ' என்றால் போதும். எல்லாரும் திணறுகிற இரண்டு 'இரு' வினைகள் இருக்கின்றனவே, சேர், எஸ்தார், அதுகூட நமக்குப் பாதி புரிந்த விஷயம்தான்: 'அவர் டாக்டர்' என்போம், 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்போம், இரண்டாவதற்குத்தான் எஸ்தார். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே உண்டு. அங்கே உஸ்தெத் என்பது நீங்கள். ஷேலாவில் அதைத் தாராளமாகப் புழங்குகிறார்கள், அதனால் சந்தேகம் வந்தால் உஸ்தெத் என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்புறம் சொற்கள். பழவேற்காட்டில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்து இறங்கியவர்கள் என்பதால் அவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வாயில் இன்னும் இருக்கின்றன, ஸ்பானிஷிலும் அதன் உடன்பிறப்புகள் இருக்கின்றன: மேசை 'மெசா', அலமாரி 'அர்மாரியோ', பொத்தான் 'போத்தோன்', மேஸ்திரி 'மாயெஸ்த்ரோ'. மேஸ்திரியைக் கண்டுபிடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை தூரத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள் தந்த தைரியத்தில்தான் தப்பு செய்தேன்.

மூன்றாவது வாரத்தில் மதிய நேரங்களில் தொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் வீடுகளில் மூன்று கல் வைத்துத்தான் சமைக்கிறார்கள், புகை போக வழி கிடையாது. அந்த இடத்தில் கான்கிரீட் கட்டை அடுக்கி, செங்கல்லால் உள்ளறை கட்டி, மேலே இரும்புத் தகடு பதித்து, கூரைக்கு வெளியே புகைக்குழாய் விட வேண்டும். உள்ளூர் மாயெஸ்த்ரோ ஒருவர் கட்டுவார், நாங்கள் கல்லும் மண்ணும் எடுத்துக் கொடுக்கும் சித்தாள். கட்டும் முன்னால் பழைய அடுப்பையும் வீட்டம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும், பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்ப. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

முதல் வீட்டில் தோஞா, நம்ம ஊரில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது மாதிரி, அடுப்பருகே நின்றார். நான் போனை எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக "மே தா பேனா" என்றார். 'மே தா' எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் தினமும் "மே தா" என்று சொல்லித்தான் பொருள் கேட்பேன், 'எனக்குத் தருகிறீர்களா' என்று அர்த்தம். பேனா? பேனாதான்! பையிலிருந்து என் பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நான் படம் எடுத்தேன். புகையேறிய சுவர், மூன்று கல், பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, கையில் என் நீல பேனாவோடு அவர்.

மறுநாள் காலை வகுப்பில் என் ஸேஞோவிடம், ஆசிரியையை அப்படித்தான் கூப்பிட வேண்டும், இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவுக்கு இங்கே லாபிசெரோ என்பார்கள் என்றார். அகராதியில் பேனாவைத் தேடினேன், துயரம் என்று போட்டிருந்தது. குவாத்தமாலாவில் மே தா பேனா என்றால் என்ன அர்த்தம் என்பதை அவர் எழுந்து நின்று, தோளைக் குறுக்கி, முகத்தைக் கையால் மறைத்து நடித்துக் காட்டினார்.

கூச்சமா கீது.

அதற்குப் பிறகு அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. எர்ணாவூர் கொட்டகையைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் அவரிடம் சொன்னேன், ஸேஞோ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மதியம் தோஞா வீட்டுக்குப் போய், அவர் கண் எதிரிலேயே படத்தை அழித்து, மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பைச் சொன்னேன். அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "நோ தெங்கா பேனா" என்றார். கவலைப்படாதீங்க என்பதற்கு அங்கே தினமும் சொல்லும் பேச்சு அது, அதே சொல்தான். இனி நான் அடுப்பை மட்டும்தான் படம் எடுப்பேன், ஆளை எடுக்க மாட்டேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

படம் எடுப்பதை விட்ட பிறகு கேட்க நேரம் கிடைத்தது. பக்கத்து வீட்டில் முன்பே யாரோ கட்டிக்கொடுத்த அடுப்பு ஓரமாக விறகு வைக்கும் மேடையாகிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். உயரம் அதிகம், அந்த அம்மாவுக்குக் கை எட்டவில்லை. அதோடு, மூன்று கல் அடுப்பு என்றால் ராத்திரி வெளிச்சமும் அதிலேயே, குளிர் காய்வதும் அதிலேயே, பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். தகடு போட்டு மூடினால் தீ தெரியாது. இதை யாராவது முன்பே உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு வரிசைக் கட்டையைக் குறைத்திருக்கலாம். தோஞா வீட்டில் குறைத்தோம், மாயெஸ்த்ரோ அவரை நிற்கவைத்து முழங்கை வரை கயிற்றால் அளந்தார். அடுப்பு கட்டினால் போதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தவள்தான். அதே மலைநாட்டில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் லான்செட் இதழில் வந்திருக்கிறது: புகைக்குழாய் அடுப்பு கொடுத்த வீடுகளில் குழந்தைகள் சுவாசிக்கும் புகை சுமார் பாதியாகக் குறைந்தும் மொத்த நிமோனியா எதிர்பார்த்த அளவு குறையவில்லை, கடுமையான நிமோனியாதான் தெளிவாகக் குறைந்தது. அதுவே பெரிய விஷயம்தான், ஆனால் அடுப்பு கட்டியதோடு வேலை முடிந்துவிடாது.

தோஞா மகளுக்கு ஐந்து வயது இருக்கும் என்று நினைத்து அதற்கேற்ற புத்தகம் வாங்கிப் போனேன், அவளுக்கு எட்டு வயது. 2014-15 கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று படித்தது அப்போதுதான் புரிந்தது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு ஸ்பானிஷே தெரியாது. அவர் பேச்சு கீச்சே, குவாத்தமாலாவின் 22 மாயன் மொழிகளில் ஒன்று. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு படித்த பாஷை பாட்டி முன்னால் உதவவில்லை. பேத்தியிடம் கேட்டு மல்த்யோஷ் என்று மட்டும் கற்றுக்கொண்டேன், நன்றி என்று அர்த்தம். நான் அதைச் சொன்ன அன்று பாட்டி சூடான தோர்த்தியாவை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். அவர் கணவரைப் பற்றிக் கேட்கலாமா என்று ஸேஞோவிடம் யோசனை கேட்டேன், அது இறந்தகாலம் படித்த வாரம். வேண்டாம் என்றார். 1960இலிருந்து 1996 வரை அங்கே உள்நாட்டுப் போர், இரண்டு லட்சத்துக்கும் மேல் செத்தும் காணாமலும் போனார்கள், பெரும்பாலும் மாயன் மக்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள், நீயாகக் கேட்காதே என்றார். கடைசி வரை பாட்டி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் பேசிய பிள்ளைகளுக்கு: இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால் பாஷை மட்டும் படியுங்கள். தங்கும் குடும்பத்துக்கும் ஆசிரியருக்கும் நீங்கள் தரும் காசு நேர்மையான காசு, அதற்குத் தொண்டு என்று பெயர் வைக்கத் தேவையில்லை. வீடுகளுக்குள் போவதாக இருந்தால் ஒரு மாதமாவது படித்த பிறகு போங்கள், கேட்டது புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், எங்களைப் பார்த்துச் சிரித்த மாதிரி சிரித்துவிடாதீர்கள். நான் அதைச் செய்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் படம் எடுத்ததே அம்மாவுக்கு ஞாபகமில்லை, பல்ப் மட்டும் ஞாபகம் இருக்கிறது. "கடைசி வரைக்கும் போடல" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் செங்குன்றம் தாண்டி ஒரு செங்கல் சூளைக்குப் போகிறேன். ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து கல் அறுப்பவர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு ஒடியா தெரியாது. முதல் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே கொஞ்சம் தமிழ் பேசும் பையனிடம் உட்கார்ந்தேன். கூச்சமா இருக்கு என்பதற்கு உங்க பாஷையில் என்னப்பா என்றுதான் முதலில் கேட்டேன். தோளைக் குறுக்கி, முகத்தை மறைத்து நடித்துக் காட்டினேன். "லாஜ" என்றான். எழுதிக்கொண்டேன்.