செவில் கல்யாணத்துக்கு ஒரு தொக்காதோ: செய்து பார்த்த அனுபவம்

மாட்ரிட்டில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குச் செவில் நகரத்தில் கல்யாணம். சர்ச்சில் மதியம் ஒரு மணிக்கு. ஸ்பெயினில் பகல் கல்யாணம் என்றால் வரும் பெண்களில் பலர் தலையில் ஏதாவது ஒன்று ஏறியிருக்கும். அகன்ற விளிம்புள்ள பமேலா தொப்பி, இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் தொக்காதோ என்ற சின்னத் தலை அலங்காரம், அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த ஹேர்பேண்ட். கடையில் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். தையல் கொஞ்சம் கைவரும் என்பதால் நானே செய்து பார்க்க இறங்கினேன்.

பமேலாவை முதலிலேயே தள்ளிவைத்தேன். அது பகலுக்கு மட்டும் உரியது, மாலைக் கல்யாணத்துக்குப் போட்டுப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒருமுறை செய்தால் எல்லாவற்றுக்கும் உதவாது. போதாததற்கு இங்கே பெண்கள் யாரைப் பார்த்தாலும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துத்தான் விசாரிப்பார்கள். இரண்டு பமேலாக்கள் எதிரெதிரே வந்தால் கன்னத்துக்கு முன்னால் விளிம்புகள்தான் சந்திக்கும். செவிலுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம் அந்தப் பெரிய வட்டப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகவும் எனக்குப் பொறுமை கிடையாது.

மாட்ரிட்டின் மையச் சதுக்கமான புவெர்தா தெல் சோல் பக்கத்தில் போன்தேஹோஸ் சதுக்கம் இருக்கிறது. பட்டன், ரிப்பன், லேஸ் என்று தையல்காரர்களின் பேட்டை. 1913 முதல் நடக்கும் கடையும் அங்கே உண்டு. சினமாய் துணி, தொப்பிக் கம்பி, இறகு எல்லாம் அந்தப் பக்கம்தான் வாங்கினேன். சினமாய் கண்ணறை தெரியும் மொடமொடப்பான துணி. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா நாரில் நெய்வது. அபாக்கா வாழை இனம். அந்த நாடு 1898 வரை ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. நம் ஊரில் பூக்கட்டும் வாழைநாருக்கு ஒன்றுவிட்ட சொந்தம் இங்கே கல்யாணத் தலைகளில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் துணி மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.

தொப்பிக்காரர்களிடம் மர அச்சு இருக்கும். என்னிடம் இருந்தது குழிவான சின்னக் கிண்ணம். அதைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சினமாயை இரண்டு அடுக்காகப் போட்டேன். ஒரு அடுக்கின் இழை நேராக, மற்றதன் இழை மூலைவாட்டில். இப்படிப் போட்டால்தான் எந்தப் பக்கம் இழுத்தாலும் வடிவம் கோணாது. தண்ணீர் தெளித்ததும் துணி இளகிவிடும். சுற்றிலும் இழுத்து, ரப்பர் பேண்ட் மாட்டி, இரவெல்லாம் காயவிட்டேன். மேலே தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை ஒரு பூச்சு. காலையில் கிண்ணத்திலிருந்து எடுத்தபோது ஓடு மாதிரி டக்கென்று நின்றது.

ஓரத்தைச் சுற்றி, பருத்தி நூல் சுற்றிய கம்பியை வைத்துத் தைக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் இதுதான் எலும்பு. கம்பியை மறைக்க மூலைவாட்டில் வெட்டிய சினமாய்ப் பட்டை. அதை நீராவி இஸ்திரியில் இழுத்து இழுத்துத் தேய்த்தால் வளைவுக்கு ஏற்றபடி தானாக ஒடுங்கி உட்காரும்.

நிறம் ஏற்றும் கதை தனி. சினமாய் தாவர நார், இறகு விலங்குப் புரதம். சாயம் இரண்டிலும் ஒரே மாதிரி பிடிக்காது. பருத்திக்கான சாயம் இறகில் சரியாக ஏறாது, வினிகர் ஊற்றிக் காய்ச்சும் அமிலச் சாயத்தைச் சினமாய் வாங்கிக்கொள்ளாது. அதனால் ஒரே நிறத்துக்கு மெனக்கெடவே இல்லை. அடித்தளம் கரும்பச்சை, இறகு சாயமே போடாத ஃபெசன்ட் கோழியின் பழுப்பு. பக்கத்துத் தூவிகளைக் கையால் உரித்து, நுனியில் மட்டும் கொஞ்சம் விட்டு, கத்தரிக்கோலின் முதுகால் இழுத்தால் சுருளும். ரிப்பனைச் சுருட்டும் அதே வித்தை.

நிஜமான வேலை இதற்குப் பிறகுதான். பார்ப்பவர்கள் இறகைப் பார்க்கிறார்கள். தொக்காதோ நிற்பதும் விழுவதும் உள்பக்கத்தால். இறகு ஓரத்தைத் தாண்டி நீண்டால் நெம்புகோலாக மாறி, காற்று வரும்போது அடித்தளத்தையே தூக்கும். ஆகவே இறகின் அடிக்காம்பை நடுமையத்துக்குப் பக்கத்தில் தைத்தேன். உள்ளே முன்பக்கம் ஒரு சின்னச் சீப்பு, பற்கள் பின்னோக்கி. இரண்டு ஓரத்திலிருந்தும் மெல்லிய கறுப்பு எலாஸ்டிக், காதுக்குப் பின்னால் போய், முடிக்கு அடியில் பிடரியைச் சுற்றும். எலாஸ்டிக் பின்னால் இழுக்கும், சீப்பு முடிக்குள் குத்தி நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சமையலறைத் தராசில் எல்லாம் சேர்த்து நாற்பது கிராம்கூட இல்லை.

போட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினேன், குனிந்து செருப்பு மாட்டினேன், பாட்டு வைத்து ஆடியும் பார்த்தேன். அன்றே அலசிய முடியில் சீப்பு வழுக்கும். எண்ணெய் வைத்த தலையில் நிற்கவே நிற்காது, அம்மா மன்னிக்கட்டும். முந்தின நாள் அலசிய முடியில் கொஞ்சம் ஸ்ப்ரே, தொக்காதோவுக்கு அடியில் ஒரு சின்னப் பின்னல், அந்தப் பின்னலுக்குள் சீப்பு: இதுதான் அசையவில்லை.

கல்யாணத்தில் என் கண் போனது மத்ரினாவின் மேல். மாப்பிள்ளையைப் பீடம் வரை கூட்டிப் போகும் அந்த இடம் வழக்கமாக அவருடைய அம்மாவுக்கு. நீளமான உடை, கொண்டையில் செருகும் உயரமான பெய்னேட்டா சீப்பு, அதன் மேல் மான்டில்லா என்ற லேஸ் முக்காடு. ஒரு காலத்தில் இந்தச் சீப்பை ஆமை ஓட்டில் செய்தார்கள்; அந்த ஆமை வணிகம் சர்வதேச அளவில் தடையாகிவிட்டதால் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைகள்தான். அந்த அம்மா தலையைத் திருப்பியபோதெல்லாம் லேஸ் ஒரு துளி நகரவில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் ரகசியம் தெரிந்தது: கொண்டைக்குள் இறுக்கிச் செருகிய சீப்பு, அதோடு சேர்த்துக் குத்திய எத்தனையோ ஊசிகள், தோள்பட்டையில் இன்னும் இரண்டு.

என்னுடையது விருந்து முடியும்வரை நின்றது. நடனம் ஆரம்பித்ததும் எல்லோரும் கழற்றி மேஜையில் குவித்தபோது நானும் கழற்றினேன், எலாஸ்டிக் பிடரியில் தடம் பதித்திருந்தது. அடுத்ததற்கு ஹேர்பேண்ட் அடித்தளம் போட்டுப் பார்க்கப் போகிறேன். கம்பியும் இதைவிட மெல்லியதாக வேண்டும். உட்கார்ந்து சாப்பிடும்போது நெற்றிப் பக்கம் லேசாக அழுத்தியது.