மார்கழி அடுப்பு: வேலூர் நாட்குறிப்பு

மார்கழி 1, டிசம்பர் 16

சத்துவாச்சாரி, காலை மூன்றே முக்கால். வெளியே 18 டிகிரி. வெண்பொங்கல் அண்டாவுக்கு ஆரணிப் பச்சரிசி 5 கிலோ, பாசிப்பருப்பு 2 கிலோ, தண்ணீர் 32 லிட்டர். நெய் ஒரு கிலோ, மிளகும் சீரகமும் 100 கிராம் வீதம், இஞ்சி 200, முந்திரி 300, உப்பு 400. தொன்னைக்குக் கால் கிலோ போட்டால் 150 பேருக்குத் தாராளமாக வரும். பக்கத்து அடுப்பில் கொத்சு. இரண்டு ஹை பிரஷர் அடுப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு 19 கிலோ சிலிண்டர், அதிலும் கால்வாசி கேஸ்தான் மிச்சம்.

முதல் கால் மணி நேரம் தீ இரைந்து எரிந்தது. பிறகு இரைச்சல் அடங்கி, நீலம் குட்டையாகி, அண்டாவின் அடியைத் தொடாமல் நின்றது. சிலிண்டரின் அடிப்பக்கத்தில் நான்கு விரல் உயரத்துக்கு உப்புப் பூத்த மாதிரி வெள்ளை. நகத்தால் சுரண்டினால் பொடிப் பனி.

“கேஸ் தீர்ந்துபோச்சு” என்று சிலிண்டரை மாற்றும் இடம் இதுதான். தீரவில்லை. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகித்தான் குழாய்க்கு வரும். ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 90 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும்தான் அது எடுத்துக்கொள்ளும். இரண்டு அடுப்பையும் முழுதாகத் திறந்தால் மணிக்கு 3 கிலோ போகும். காற்று அவ்வளவு வேகமாகச் சூடு கொடுக்காது. திரவம் குளிரும், அழுத்தம் இறங்கும், தீ படுத்துவிடும்.

கேஸ் குறையக் குறைய இது மோசமாகும். இருக்கிற கொஞ்சத் திரவம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். இரும்புச் சுவரில் அது தொடும் பரப்பும் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் முந்திக்கொண்டு வெளியேறும். கடைசியில் தங்குவது பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே. அடிமட்டச் சிலிண்டர் மார்கழியில் சோம்பிப்போவது இதனால்தான்.

மார்கழி 3, டிசம்பர் 18

“தண்ணீர் சில்லுனு இருக்கு, அதான் கொதிக்க நேரமாகுது” என்ற பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி, இப்போது 20. 32 லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக அப்போது 2,240 கிலோ கலோரி, இப்போது 2,560. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் 11,000 கிடைக்கும். திறந்த வெளியில் பாதி வீண் என்று வைத்தாலும் கூடுதல் செலவு 60 கிராம் கேஸ்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிற விஷயம். மீதி இருபது நிமிடத் தாமதம் முழுக்கச் சிலிண்டரின் குளிரால் வருவது.

மார்கழி 4, டிசம்பர் 19

இதற்கு வைத்தியம் போர்வெல்லில் இருக்கிறது. விடியற்காலையில் தொட்டித் தண்ணீர் கை விறைக்கும். மோட்டார் போட்டு நேராகப் பிடித்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பூமிக்குள் பருவம் மாறுவதில்லை. இன்று பிடித்தது 27 டிகிரி.

அகலமான பிளாஸ்டிக் டப்பில் சிலிண்டரை நேராக நிறுத்தி 20 லிட்டர் ஊற்றினோம். ஏறக்குறைய அரையடி உயரம் நின்றது. இந்த 20 லிட்டர் 27-லிருந்து 15-க்கு இறங்குவதற்குள் 240 கிலோ கலோரி கொடுத்துவிடும். இரண்டு அடுப்பின் முக்கால் மணி நேரத் தேவைக்கு அது போதும். தீ கடைசி வரை படுக்கவில்லை. தண்ணீர் சில்லிட்டதும் பாதியை இறைத்துவிட்டுப் புதிதாகப் பிடித்தால் ஆயிற்று.

அரையடிக்கு மேல் ஊற்றாதீர்கள். தீரப்போகும் சிலிண்டர் மிதந்து சாயப் பார்க்கும். வேலை முடிந்ததும் அடி வளையத்தைத் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும்.

கொதிதண்ணீர் ஊற்றுவது, சாக்கைச் சுற்றிக் கொளுத்துவது, சிலிண்டரை அடுப்புப் பக்கம் நகர்த்துவது, எதுவும் கூடவே கூடாது. படுக்கப்போட்டு உருட்டுவதும் கூடாது. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கும்; இறங்கிய திரவம் அடுப்பில் 250 மடங்கு போல விரியும். தீ ஆள் உயரம் எழும்.

இதைவிட நல்ல வழி, தொடக்கத்திலேயே இரண்டு சிலிண்டரை நான்-ரிட்டர்ன் வால்வு (கேஸ் திரும்பிப் போகாமல் தடுப்பது) உள்ள இணைப்பில் சேர்ப்பது. ஆளுக்குப் பாதி இழுப்பு, பனியே பிடிக்காது. வாங்குவது நீல நிற வணிகச் சிலிண்டராக இருக்கட்டும். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை இப்படிப்பட்ட பொதுச் சமையலுக்குத் திருப்பிவிடுவது சட்டப்படி குற்றம்.

மார்கழி 9, டிசம்பர் 24

காற்று அசையவே இல்லை. பாலாற்றுப் பக்கம் புகைபோல மூடுபனி. இந்த நாள்தான் கசிவுக்குப் பயப்பட வேண்டிய நாள். கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து சாக்கடை வாயிலும் படிக்கட்டுக் கீழும் தேங்கும். பகல் காற்று கலைத்துவிடும், விடியற்காலைக் காற்று கலைக்காது.

சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் பாத்திரச் சோப்புத் திரவம், பழைய பெயின்ட் பிரஷ். அடாப்டர் (சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதி) கழுத்து, ரெகுலேட்டர் நட்டு, ஹோஸின் இரண்டு முனை, அடுப்பு வால்வு என்று வரிசையாகத் தடவ வேண்டும். பனித்துளி ஏற்கெனவே படிந்திருக்கும், அதனால் முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். இன்று அடாப்டர் கழுத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி எழுந்தது. வால்வுக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மாற்றினதும் நின்றது. ஏஜென்சியிலிருந்து சிலிண்டர் இறங்கும்போதே மூடியைத் திறந்து அந்த வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுத்துத் தகட்டில், சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடுவும் எழுதியிருக்கும்: ஏ மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்தில் ஆண்டு.

வாசனை வந்தால் வால்வை மூடி, ஆட்களை விலக்கி, எந்த மின் சுவிட்சையும் தொடாமல், தள்ளி நின்று கேஸ் அவசர உதவி எண் 1906-க்குப் பேசுங்கள்.

மார்கழி 15, டிசம்பர் 30

பனிக்காக மூன்று பக்கமும் தார்ப்பாய் இறக்கி, நாலாவது பக்கத்தையும் மூட யாரோ கயிறு கட்டினார்கள். அவிழ்க்கச் சொன்னோம். தீயைக் காற்றிலிருந்து மறைக்க, அண்டாவின் பாதி உயரத்துக்குத் தகரம் வைத்தால் போதும். முழுக்க மூடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். தூக்கக் கலக்கம் என்று நினைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்காமல் போகலாம்.

தீ மஞ்சளாகி அண்டா அடியில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கேஸும் காற்றும் கலக்கும் குழாயின் வாயில் உள்ள தகட்டைத் திறந்து நீலமாக்குங்கள். சிலிண்டர் அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி, தகர மறைப்புக்கு வெளியே இருக்கட்டும்.

மார்கழி 19, ஜனவரி 3

ஏலகிரி. 12 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். நன்றாகத் தளதளக்கிறதே என்று நம்பி இறக்கினால் பருப்பு நறுக்கென்று நிற்கும். பாசிப்பருப்பை லேசாக வறுத்து அரை மணி ஊறவைத்துப் போட்டோம். அப்படியும் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. தண்ணீரும் 2 லிட்டர் அதிகம்.

மண் பனியில் ஊறியிருந்தது. நிறைந்த அண்டா 50 கிலோவுக்கு மேல். முக்காலியின் கால் ஒன்று மெல்ல இறங்கியது. கீழே கடப்பாக்கல் துண்டு வைத்த பிறகுதான் ஏற்றினோம்.

மார்கழி 27, ஜனவரி 11

கூடாரவல்லி, அக்காரவடிசில். பச்சரிசி ஒரு கிலோ, பாசிப்பருப்பு 200 கிராம், பால் 10 லிட்டர், வெல்லம் இரண்டரைக் கிலோ, நெய் முக்கால் கிலோ.

ஹை பிரஷர் அடுப்பின் தீ ஒரே இடத்தில் குத்தும். வெண்பொங்கல் தாங்கும், பால் தாங்காது. அண்டாவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அடிபிடித்தால் அந்த வாடை பத்து லிட்டருக்கும் ஏறிவிடும். அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவே கனமான இரும்பு தோசைக்கல் வைத்தால் சூடு பரவும்.

தீயைக் குறைக்கிறேன் என்று ரெகுலேட்டரை ஒரேயடியாகத் திருகாதீர்கள். அழுத்தம் குறைந்தால் தீ பின்வாங்கி, கேஸ் பீய்ச்சும் துளையான ஜெட்டிலேயே பற்றிக்கொள்ளும். முதலில் ‘பப்’ என்ற சத்தம், பிறகு குழாய்க்குள்ளிருந்து உறுமல். உடனே மூடி, குழாய் ஆறிய பிறகு மறுபடி பற்றவைக்க வேண்டும். தீக்குச்சி முதலில், கேஸ் பிறகு, அதுவும் மெல்ல.

பால் அண்டா மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறையக் கூடாது. பொங்கி வழிந்தால் தீ அணையும்; கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். இன்று ஒரு முறை ஓரத்தில் அணைந்தது. மூடி, ஐந்து நிமிடம் விட்டு, முறத்தால் தரையோடு விசிறிய பிறகே பற்றவைத்தோம். வெல்லப் பாகை வடிகட்டி ஆறவைத்து, அடுப்பை அணைத்த பின் சேர்த்ததால் பால் திரியவில்லை.

மார்கழி 29, ஜனவரி 13

போகி. விடியுமுன்னே தெருவெல்லாம் பாயும் துணியும் எரிகிறது, பொறி பறக்கிறது. அதனால் நேற்றிரவே சிலிண்டர்களைக் கழற்றி, கோயில் பின்புறம் திறந்த கொட்டகைக்கு மாற்றியாயிற்று. காலியில் ஆவி மிச்சம் இருக்கும்; வால்வு மூடியை நூலோடு மாட்டி, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறோம். ஹோஸில் அடாப்டர் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு மேல்தோல் வெடித்திருக்கிறது. ஐந்து ஆண்டுக் கெடு இன்னும் முடியவில்லை, ஆனாலும் வெட்டிப் போட்டாயிற்று. நாளைப் பொங்கலுக்குப் புது ஹோஸ்.